கேட்டில் நிற்பவர் வேடிக்கை பார்க்க வந்தவரல்ல

ஆரோவில்லைச் சுற்றியுள்ள குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வார இறுதியில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார்கள். புதுச்சேரி மைதானங்களில் இசை நிகழ்ச்சி, கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் புத்தாண்டுக் கொண்டாட்டம் என்று இந்த வட்டாரத்தில் கூட்டம் கூடும் இடங்களுக்குக் குறைவில்லை. டிக்கெட் பார்ப்பது, பையைச் சோதிப்பது, இருக்கை காட்டுவது, மேடைக்கு முன்னால் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது இவையெல்லாம் அவர்கள் வேலை. அவர்களுடைய கூலி, ஓய்வு பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு பதில் வருகிறது: "ஒரு ராத்திரி வேலை. பாட்டும் கேட்டாச்சு, சாப்பாடும் போட்டாச்சு, காசும் கொடுத்தாச்சு. இதுக்கு மேல என்ன?" நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் மட்டுமல்ல, டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு தவறு. பார்க்க வருகிறவர்களின் உயிருக்கே இது ஆபத்து என்றும் சொல்வேன். அதில் அடங்கியுள்ள வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. "ஓசியில் நிகழ்ச்சி பார்க்கிறார்கள்"

பார்ப்பதில்லை. கூட்டத்தைக் கவனிப்பவர் மேடைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். திரும்பினால் அது வேலையில் தவறியதாகும். பாட்டு காதில் விழுவது உண்மை. அது காதை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்புப்படி 85 டெசிபல் ஓசையில் ஒருவர் 8 மணி நேரம் வேலை செய்யலாம். ஓசை 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கு வகுத்த நெறியில் பார்வையாளருக்கான மேல்வரம்பே 100 டெசிபல்தான். அந்த நெறியை ஒழுங்காகப் பின்பற்றும் நிகழ்ச்சியில்கூட, ஸ்பீக்கர் அருகே நிற்கும் ஊழியரின் ஒரு நாள் அளவு இரண்டு மூன்று பாட்டிலேயே தீர்ந்துவிடும். ரசிகர் எப்போதோ ஒருமுறை வருகிறார். இவர் வாரந்தோறும் அங்கேதான் நிற்கிறார். காதில் வைக்கும் அடைப்பான் பெரிய செலவா?

நிற்பதும் அப்படித்தான். ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை செய்த கொடுமைக்கு முடிவுகட்ட, 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் உட்காரும் உரிமை சேர்க்கப்பட்டது. 1947ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 'நிறுவனம்' என்று சொல்வதில் திரையரங்கும் பொதுக் கேளிக்கை இடங்களும் அடக்கம். கடைக்கு வந்த நாற்காலி கேட்டுக்கும் வர வேண்டும்.

2. "ஒரு ராத்திரி வேலைதானே"

பார்க்கிறவருக்கு அது மூன்று மணி நேரம். வேலைக்கு வந்தவரை மத்தியானமே கூப்பிட்டுவிடுகிறார்கள். திறந்தவெளியில் ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. பாட்டு நின்ற பிறகுதான் கூட்டத்தை வெளியே அனுப்பும் வேலை. கடைசி ஆள் போனபின் நாற்காலியும் தடுப்பும் எடுக்கவும் இவர்களையே நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குமேல் கிராமத்துக்குப் போகப் பஸ் ஏது? பெண் ஊழியருக்கு இது இன்னும் பெரிய கேள்வி.

கூலி வந்து சேரும் வழியும் நீளமானது. நடத்துபவர் ஈவென்ட் கம்பெனியிடம் கொடுப்பார், கம்பெனி ஏஜென்சியிடம் கொடுக்கும், ஏஜென்சி ஆள் திரட்டித் தருபவரிடம் கொடுக்கும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் நின்றுவிடுகிறது. தான் யாருடைய ஊழியர் என்பதே கடைசியில் நிற்பவருக்குத் தெரியாது. ஆனால் சட்டம் 'ஒரு ராத்திரி' என்று தள்ளுபடி தருவதில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு எல்லாத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலியையும், மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலியையும் சொல்கிறது. ஒப்பந்ததாரர் கூலி தராமல் ஏமாற்றினால் வேலை வாங்கிய முதன்மை முதலாளியே தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்த நெறி.

3. "உடம்பு இருந்தால் போதும்"

இந்த எண்ணத்தால்தான் மனிதர்களை எடை பார்த்து வேலைக்கு எடுக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி விதிகள் பாதுகாவலருக்கு 100 மணி நேர வகுப்புப் பயிற்சியும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும் என்கின்றன. கூட்டக் கட்டுப்பாடும் தீயணைப்பும் அந்தப் பாடத்தில் உண்டு. காலையில் கருப்புச் சட்டை கொடுத்து மாலையில் கேட்டில் நிறுத்துவது அந்தச் சட்டத்தை மிதிப்பது.

மான்செஸ்டர் அரங்கில் 2017 மே 22 அன்று நடந்த குண்டுவெடிப்பில் 22 பேர் இறந்தார்கள். சற்று முன்னதாக, ஒருவனைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது என்று பார்வையாளர் ஒருவர் அங்கிருந்த ஊழியரிடம் சொன்னார். செய்தி 18 வயதுப் பாதுகாவலர் ஒருவருக்குப் போனது. ரேடியோவில் கட்டுப்பாட்டு அறையை அழைக்க முயன்றதாகவும் தொடர்பு கிடைக்கவில்லை என்றும் அவர் பின்னர் சாட்சி சொன்னார். அங்கே தேவைப்பட்டது புஜபலம் அல்ல. எதைக் கவனிப்பது, யாரிடம் சொல்வது, சொன்னது போய்ச் சேரவில்லை என்றால் அடுத்து என்ன செய்வது என்ற அறிவு. தவறவிட்ட வாய்ப்புகளை 2021இல் விசாரணை ஆணையம் வரிசையாக எடுத்துக் காட்டியது.

"பவுன்சர்கள் முரடர்கள், தள்ளிவிடுகிறார்கள்" என்ற புகாருக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. புகார் நியாயமானது. தள்ளுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பசியோடு நிற்பவரை, பேசப் பழக்காமல், உடம்புக்காக மட்டும் கூலி கொடுத்து நிறுத்தினால், நெருக்கடியில் அவருக்குத் தெரிந்த ஒரே மொழி கையாகத்தான் இருக்கும்.

4. "கூட்டம் போலீஸ் பொறுப்பு"

சென்னை பனையூரில் 2023 செப்டம்பர் 10 அன்று நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள், நெரிசலில் குழந்தையைத் தவறவிட்டவர்கள், அத்துமீறலுக்கு ஆளான பெண்கள் என்று புகார்கள் குவிந்தன. ரஹ்மான் பொறுப்பேற்றுக்கொண்டார். மூத்த போலீஸ் அதிகாரிகள் இருவர் மாற்றப்பட்டனர். ஆனால் டிக்கெட்டுக்கு விலை கொடுத்து வந்தவரிடம் "உள்ளே இடமில்லை" என்று நேருக்கு நேர் சொல்ல வேண்டியிருந்தவர் யார்? கேட்டில் நின்றவர். எத்தனை டிக்கெட் விற்றது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். விற்பனையில் அவருக்குப் பங்கு கிடையாது, வசவில் மட்டும் உண்டு.

சாலை போலீஸுடையது. அரங்குக்குள்ளே முதலில் நெரிசலைப் பார்ப்பவர் இந்த ஊழியர். அதில் முதலில் சிக்குபவரும் அவரே. லண்டன் பிரிக்ஸ்டன் அரங்கில் 2022 டிசம்பர் 15 இரவு நெரிசலில் இறந்த இருவரில் ஒருவர் அங்கே பாதுகாப்புப் பணியில் இருந்த 23 வயது ஊழியர்.

5. "ஊர்த் திருவிழாவில் யார் கூலி கேட்டார்கள்?"

எங்கள் பக்கத்தில் அதிகம் கேட்கும் வாதம் இது. மாட்டுப் பொங்கலன்று குயிலாப்பாளையத்தில் மாடு விரட்டுவதைப் பார்க்கச் சுற்று ஊர்களும் ஆரோவில்வாசிகளும் வெளிநாட்டவரும் திரள்கிறார்கள். ஊர் இளவட்டங்கள்தான் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறார்கள். யாரும் பேட்டா கேட்பதில்லை.

சரி. ஆனால் அவர் நிற்பது சொந்தத் தெருவில். தள்ளுகிறவர் யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியும். "தம்பி, பின்னால போ" என்றால் கேட்கிறார்கள், கேட்காவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் வந்து நிற்கிறார்கள். கால் வலித்தால் மாற்றிவிடப் பங்காளி இருக்கிறார், பசித்தால் வீடு பக்கத்தில். முக்கியமாக, அங்கே எவரும் டிக்கெட் விற்கவில்லை. இந்த அன்பைக் காட்டி, ஆயிரக்கணக்கில் டிக்கெட் விற்கும் நிகழ்ச்சிக்கு 'வாலண்டியர்' பேட்ஜ் குத்தி ஆள் பிடிப்பது சேவை அல்ல. ஊர்ப் பழக்கத்தைச் சுரண்டுவது அது.

திருவிழாவிலும் பொறுப்பை எழுதி வைக்கலாம் என்பதற்கு ஜல்லிக்கட்டே சாட்சி. 2017 விதிகளில் ஆட்சியர் அனுமதி, தடுப்பு, பார்வையாளர் மேடைக்குப் பொதுப்பணித் துறைச் சான்று, மருத்துவக் குழு எல்லாம் உண்டு. காளைக்குத் தண்ணீரும் நிழலும் ஓய்வும் உண்டு. காளைக்கு எழுத முடிந்ததை மனிதருக்கும் எழுத முடியும்.

6. "செலவு கூடும், நிகழ்ச்சிகளே நின்றுபோகும்"

இதில் பாதி உண்மை. செலவு கூடும். ஊர்க் கோயிலில் விடிய விடிய ஆடும் தெருக்கூத்துக்கும், ஆரோவில்லில் கட்டணமின்றி நடக்கும் சிறு நாடகத்துக்கும், மைதானம் நிரம்பும் இசை நிகழ்ச்சிக்கும் ஒரே அளவுகோல் வைக்கச் சொல்லவில்லை. கூட்டத்துக்கும் டிக்கெட் வருமானத்துக்கும் ஏற்றபடி வைக்கலாம். மற்ற பாதி பொய். பிரிக்ஸ்டன் அரங்குக்கு 77 நிபந்தனைகள் விதித்தார்கள். அரங்கு அழிந்துவிடவில்லை, 2024 ஏப்ரலில் மறுபடி திறந்தது. ஓராண்டுக்கு மேல் அதை மூடிவைத்தது விபத்துதான்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். நிகழ்ச்சிக்கு அனுமதி தரும்போதே, எத்தனை டிக்கெட், எத்தனை ஊழியர், உரிமம் பெற்ற முகமை எது, பயிற்சிச் சான்று எங்கே என்று அதிகாரிகள் கேட்க வேண்டும். மாற்று ஆள், உட்கார இடம், தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை, இரவு வீடு சேர வண்டி, யார் கூலி தருவார் என்று எழுதிய ஒரு தாள் இவை அனுமதி ஆணையிலேயே நிபந்தனையாக வேண்டும். "கூட்டம் தாங்காது, கேட்டை மூடுங்கள்" என்று ஊழியர் சொன்னால் அதைக் கேட்டே தீர வேண்டிய அதிகாரி ஒருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

டிக்கெட் வாங்கும் நமக்கும் இதில் பங்குண்டு. நம் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தக் கேட்டுக்குள் நுழைகிறோம். நெரிசல் வந்தால் வழிகாட்ட வேண்டியவர் தளர்ந்து, பசித்து, எதுவும் தெரியாமல் நிற்கலாம் என்று நாம் ஒப்புக்கொண்டால், நம் குழந்தையின் பாதுகாப்பையும் அந்தக் கூலிக்கே விட்டுக்கொடுக்கிறோம். அவருக்கு நியாயமான வேலை கேட்பது இரக்கத்தினால் அல்ல. அவரும் நாமும் ஒரே தடுப்புக்கு இரண்டு பக்கத்திலும் நிற்கிறோம்.