பேருந்து இலவசம், நிறுத்தம்?

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம், குறை சொல்பவர்கள் ஒருநாள் பூக்கூடையோடு ஏறிப் பார்க்கட்டும். ஆனால் இறங்கியபின்? விளக்கெரியாத நிறுத்தம், பைக்குகள் ஏறிக்கொண்ட நடைபாதை, பூட்டிய கழிப்பறை. வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு என்று போய்வருகிற ஆணை மனதில் வைத்தே சாலை போடுகிறோம். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ரேஷன் கடையில் நின்று, வேலைக்குப் போய், காய்கறி வாங்கித் திரும்புகிறவளின் வழி எந்த வரைபடத்திலும் இல்லை. இதைக் கேட்க ஆளில்லாமல் இல்லை: சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. கவுன்சிலரம்மா இருக்க, அவர் கணவர் மனு வாங்கும் கூத்தை முதலில் நிறுத்துங்கள். அடுத்த பேருந்து நிறுத்தத்தை எங்கே வைப்பதென்று அந்த அம்மாவையும் பூக்காரம்மாவையும் உட்காரவைத்துக் கேளுங்கள், அதிகாரிகளே.