சம்பளம் பொருந்தினால் போதுமா?

மாற்றல் என்ற சொல்லைக் கேட்டு வயிறு கலங்காத குடும்பம் நம் சங்கத்தில் ஒன்றுகூட இராது. நம்மில் பாதிப் பேர் இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததே ஒரு மாற்றல் உத்தரவால்தானே! ரயில் பாதைப் பராமரிப்பிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்ற நான், அமெரிக்கக் கூடைப்பந்தைப் பற்றி எழுதத் துணிந்ததும் அதனால்தான்.

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. "தாத்தா, லூக்கா டான்சிச்சை மாத்திட்டாங்க!" என்று என் பேரன் கத்தினான். முந்தைய ஆண்டுதான் டல்லாஸ் அணியை என்.பி.ஏ. இறுதிச் சுற்று வரை கொண்டுசென்றவர். அவரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து, ஆண்டனி டேவிஸை வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் டான்சிச்சுக்கே விஷயம் தெரியும்.

விதிகளைப் பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1984-85 முதல் ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அன்று 36 லட்சம் டாலர்; 2024-25-இல் சுமார் 14 கோடி டாலர். வரம்பைத் தாண்டிய அணி ஒரு வீரரை வாங்க வேண்டுமானால், ஏறக்குறைய அதே சம்பளத்தில் ஆளை அனுப்ப வேண்டும். டான்சிச், டேவிஸ் இருவருக்கும் தலா 4 கோடியே 30 லட்சம் டாலர்; கணக்கு பொருந்திவிட்டது! 2023 ஒப்பந்தம் இன்னும் இறுக்கியது. மிக அதிகம் செலவிடும் அணிகள், இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்க முடியாது. பணக்கார அணிகளே எல்லா நட்சத்திரங்களையும் வளைத்துப் போடாமல் தடுக்கும் ஏற்பாடு. நல்லதுதான்.

ஆனால் இத்தனை விதிகளும் காப்பது அணிகளின் சமநிலையை. ஆட்டக்காரரைக் காப்பது எது?

ரயில்வேயில் பரஸ்பர மாற்றல் என்று ஒன்று உண்டு. இரண்டு ஊழியர்கள், ஒரே கிரேடு, இடம் மாற்றிக்கொள்ளலாம். குழந்தைகள் படிப்புக்காக நானும் அப்படி ஒருமுறை மாறினேன். எங்கள் இருவரில் யாருடைய சீனியாரிட்டி குறைவோ, அதுதான் எனக்குக் கிடைத்தது. நஷ்டம்தான். ஆனாலும் விண்ணப்பத்தில் என் கையெழுத்து இருந்தது. என்.பி.ஏ.யில் கிரேடு பார்க்கிறார்கள், கையெழுத்து கேட்பதில்லை.

டான்சிச்சின் சீனியாரிட்டியும் போயிற்று. தொடக்க ஒப்பந்தக் காலம் முதல் இருக்கும் அணி மட்டுமே தரக்கூடிய சிறப்புச் சம்பளம் ஒன்று உண்டு. டல்லாஸில் நீடித்திருந்தால் ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 34 கோடியே 50 லட்சம் டாலர் பெறும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. மாற்றலோடு அது போயிற்று.

"கோடிகள் வாங்குகிறவனுக்கு என்ன குறை?" என்கிறாள் என் மனைவி. சம்பளம் பெரிதென்றால் மனிதன் பார்சலாகிவிடுவானா? அவர்களுக்கும் வீடும், பிள்ளைகளும், பள்ளிக்கூடமும் உண்டு. அதுவும் பெரிய மாற்றங்கள் பல நடுப்பருவத்தில், பிப்ரவரியில் நடக்கின்றன.

சம்மதமின்றி மாற்றக்கூடாது என்ற ஷரத்து என்.பி.ஏ.யிலும் இருக்கிறது. எட்டு ஆண்டுகள் ஆடி, அதில் நான்கு ஆண்டுகள் அதே அணியில் இருந்தவர் அதைக் கேட்கலாம். கொடுப்பது அணியின் இஷ்டம். பிராட்லி பீலுக்கு அது கிடைத்தது. 2023-இல் அவர் சம்மதித்துத்தான் பீனிக்ஸுக்குப் போனார். ஷரத்தும் கூடவே போயிற்று. 2025-இல் பீனிக்ஸ் அவரை ஒப்பந்தத்திலிருந்து பணம் கொடுத்து விடுவிக்க வேண்டியதாயிற்று. "பார்த்தீர்களா, ஒரே ஆள் அணியின் கையைக் கட்டிவிட்டார்" என்பார்கள் முதலாளிகள். ஒப்புக்கொள்கிறேன். எல்லோருக்கும் இதைக் கொடுத்தால் பரிமாற்றமே நின்றுபோகும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. அமெரிக்க பேஸ்பால் லீக்கில் பத்து ஆண்டுகள் ஆடி, கடைசி ஐந்து ஆண்டுகள் ஒரே அணியில் இருந்தவரை, அவர் சம்மதமின்றி மாற்ற முடியாது. யாரும் தயவு காட்ட வேண்டாம்; 1970-களிலிருந்து அது உரிமை. கூடைப்பந்திலும் எட்டு ஆண்டு ஷரத்தை உரிமையாக்கலாம். இளையவர்களுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லலாம். சம்பாதித்த சம்பளத் தகுதி அவர்களோடு போகட்டும்.

"இதெல்லாம் நடக்குமா தாத்தா?" என்று கேட்டான் பேரன். 1970-இல் ஆஸ்கார் ராபர்ட்சன் என்ற ஆட்டக்காரர், வீரரை ஒரே அணியோடு கட்டிப்போட்ட விதியை எதிர்த்து வழக்குப் போட்டார். 1976-இல் சமரசம் ஏற்பட்டு அந்தக் கட்டு தளர்ந்தது. கேட்டவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

பெட்டி படுக்கையோடு ஊர் ஊராய் இறங்கிய நமக்கு இது புரியாதா என்ன?