புள்ளி தெரியுது, பெயர் தெரியலை

தோழர்களே, "வறட்சி வந்தா காடு எரியத்தான் செய்யும்"னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு.

2015, எல் நினோ வறட்சி. இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. இழப்பு 1,600 கோடி டாலர், சொன்னது உலக வங்கி. புகை கடல் தாண்டி சிங்கப்பூர், மலேசியாவில் நம்ம சொந்தங்க வீட்டு ஜன்னல் வரைக்கும் போச்சு. செப்டம்பர் 25 அன்று சிங்கப்பூரில் பள்ளிக்கூடங்களுக்கே லீவு.

காய வச்சது வறட்சி. சரி, பத்த வச்சது யாரு?

நாசாவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்கள் சுத்தியிருக்கிற நிலத்தைவிட சூடான இடத்தைப் புள்ளியா காட்டும். ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர். அடுத்து வந்த வீர்ஸ் கருவியில் 375 மீட்டர். டேட்டா இலவசம், யார் வேணும்னாலும் லேப்டாப்பில் இறக்கலாம். குறையும் இருக்கு. அங்க பல இடத்தில் மண்ணே மட்கிய இலைதழைதான். எண்ணெய்ப்பனைக்காக வாய்க்கால் வெட்டி தண்ணியை வடிச்சா அது விறகு. தீ மண்ணுக்குள்ளேயே கனியும், மேல அடர்ந்த புகை. நிறைய புள்ளி தப்பிடும்.

தப்பாத புள்ளியை வச்சே கேட்போம்: அந்த நிலம் யார் பெயரில்? தோட்ட நில உரிமை விவரத்தைக் கொடுங்கன்னு 2017ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லியும் அமைச்சகம் கொடுக்கலை. 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தெரியுறது, ஆபீஸ் பீரோவுக்குள்ள மறையுது!

முதல்ல அந்த வரைபடத்தைத் திறங்க. சிறு விவசாயி மேல பழி போடுறதை அப்புறம் பேசலாம்.