ஆகாய மார்க்கமும் அடுக்கு மாளிகைகளும்

2025-ம் வருஷம் ஜூன் மாதம் 12-ந் தேதி ஆமதாபாத்தில் நிகழ்ந்த கோர விபத்தை நம் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம், கிளம்பிய சில வினாடிகளுக்குள் பக்கத்திலிருந்த வைத்தியக் கல்லூரி விடுதியின்மேல் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 242 பேரில் 241 பேரும், தரையிலிருந்த 19 பேரும் மாண்டனர். ஆறு நாள் கழித்து, அதே மாதம் 18-ந் தேதி, விமான நிலையங்களுக்கு அருகில் வரம்பு மீறி எழும்பிய கட்டிடங்களை இடிப்பதற்கான நகல் விதிகளை இந்திய சர்க்கார் வெளியிட்டனர். அந்த விபத்துக்குக் கட்டிடங்களின் உயரம் காரணமல்ல என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறோம். ஆனால், இடிப்பதற்கு விதி எழுதிய சர்க்காரை நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. இடிக்க வேண்டிய கட்டிடத்தைக் கட்ட உத்தரவு கொடுத்தவர் யார்? அவருக்கு என்ன விதி?

விமான நிலையமே இல்லாத திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நமது ஊருக்கு விமான நிலையம் இல்லை. ஆனால் நம்மவர் பணம் விமான நிலையங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறது. சிறுமலை அடிவாரத்தில் பாட்டன் வைத்துப் போன நிலத்தை விற்று, சென்னையில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைக்கு மீனம்பாக்கத்தைச் சுற்றி ஒரு ஃப்ளாட் வாங்கிக் கொடுத்த தகப்பன்மார் இவ்வூரில் அநேகர். மதுரை விமான நிலையத்தின் பக்கத்தில் மனை வாங்கினால் இரட்டிப்பு லாபம் என்று தரகர்கள் நம் கடைவீதியில் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். ஆகையால் இது நம் வீட்டு விஷயமேயாகும்.

எதிர்க்கட்சியாரின் வாதத்தை முதலில் நியாயமாகவே எடுத்துச் சொல்வோம். பட்டணத்தில் ஜனங்கள் பெருகுகிறார்கள், வீடு போதவில்லை, வாடகை ஏறுகிறது. பக்கவாட்டில் பரவினால் நஞ்சையும் ஏரியும் அழியும்; மேல்நோக்கிக் கட்டினால் நிலம் மிச்சமாகும். விமான நிலையத்தின் அருகே ரயில் இருக்கிறது, மெட்ரோ இருக்கிறது, வேலை இருக்கிறது. அங்கே வீடு கட்டக்கூடாதென்றால் ஏழை நடுத்தர மக்கள் எங்கே போவார்கள்? உயர்ந்த கட்டிடங்களை வெறுப்பதே பிற்போக்கு என்கிறார்கள்.

இவற்றில் பெரும்பகுதி உண்மை என்பதை நாம் மறுக்கவில்லை. உயரக் கட்டுவதற்கு நாம் விரோதியுமல்ல. இந்த ராஜ்யத்தில் 2019-ம் வருஷத்துக் கட்டிட விதிகள் 18.3 மீட்டர் வரையிலுள்ள கட்டிடத்தைச் சாதாரணக் கட்டிடமாகவே கருதுகின்றன. அதற்கு மேற்பட்டதே உயர்மாடி. அந்தத் தளர்வு அவசியமென்றே நினைக்கிறோம். ஆனால் “உயரக் கட்டலாமா?” என்பது ஒரு கேள்வி; “இங்கே உயரக் கட்டலாமா?” என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சொல்லும் பதிலை இரண்டாவது கேள்விக்கும் கொடுத்து ஆட்சேபங்களை வாயடைப்பதையே நாம் கண்டிக்கிறோம்.

ஆகாயத்தில் வரம்பு என்பது வெறும் அதிகாரிகளின் கற்பனையன்று. ஓடுபாதையை நோக்கி இறங்கும் விமானத்துக்காக, பாதையின் முனையிலிருந்து சாய்வாக எழும் ஒரு கற்பனைத் தளம் சர்வதேச விதிகளில் வகுக்கப்பட்டிருக்கிறது. பெரிய நிலையங்களில் அது 50 அடி தூரத்துக்கு ஓரடி வீதம் உயருகிறது. அதாவது, நேர் திசையில் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் சுமார் 20 மீட்டருக்கு மேல் எதுவும் தலை தூக்கலாகாது. நிலையத்தைச் சுற்றி 4 கிலோமீட்டர் வரையில் 45 மீட்டர் உயரத்தில் மற்றொரு தட்டையான வரம்பு இருக்கிறது. நம் தேசத்தில் 2015-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி பிரசுரமான விதிகள் இவ்வரம்புகளுக்குச் சட்ட பலம் கொடுத்தன. நிலையத்தைச் சுற்றிய 20 கிலோமீட்டருக்கு வர்ணம் தீட்டிய வரைபடங்களும் தயாராகியிருக்கின்றன.

இதில் சாமானியர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. இந்த உயரம் தரையிலிருந்து அளக்கப்படுவதன்று. கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுவது. மேட்டு நிலத்தில் கட்டுகிறவனுக்கு அவ்வளவுக்கு மாடி குறையும். மொட்டை மாடியிலுள்ள லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, இடிதாங்கி, கம்பம் யாவும் கணக்கில் சேரும். தரை மட்டத்தைச் சற்றுக் குறைத்துக் காட்டி ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிவிட்டால், காகிதத்தில் கட்டிடம் குட்டையாகவும் ஆகாயத்தில் நெட்டையாகவும் நிற்கும்.

மேலும், விமான நிலைய அதிகாரிகள் கொடுக்கும் ஆட்சேபமில்லாப் பத்திரம் உயரத்தைப் பற்றி மாத்திரமே பேசுகிறது. இரவு இரண்டு மணிக்குத் தலைக்கு மேல் விமானம் இறங்கினால் குழந்தை தூங்குமா என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மழைத் தண்ணீர் எங்கே போகும் என்பதுமில்லை. மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலமாகச் செல்கிறது. 2015-ம் வருஷம் டிசம்பர் வெள்ளத்தில் நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் நில உபயோகத்தைப் பற்றி ஜனங்கள் ஆட்சேபம் சொன்னால், “விமான இலாகா சம்மதித்துவிட்டது” என்பது அதற்குப் பதிலாகாது. உயரத்துக்குக் கிடைத்த சம்மதம் வேறு. அந்த நிலம் குடியிருக்கத் தக்கதா என்ற தீர்மானம் வேறு. பின்னதைச் செய்ய வேண்டியவர் நகர நிர்மாண அதிகாரிகளே.

வரம்பை அலட்சியம் செய்தால் என்னவாகும் என்பதற்கு மும்பை சாட்சி. அங்கே விமான நிலையத்தை நாலா பக்கமும் நகரம் நெருக்கிவிட்டது. வரம்பு மீறிய கட்டிடங்களைப் பற்றி வக்கீல் ஒருவர் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். வருஷங்கள் உருண்டன. கடைசியில், 2022-ம் வருஷம் ஜூலை மாதத்தில், 48 உயர்மாடிக் கட்டிடங்களின் வரம்பு மீறிய பகுதிகளை இடிக்கும்படி பம்பாய் ஹைகோர்ட் உத்தரவிட்டது. இடிப்பது தம் பொறுப்பன்று, மாநகராட்சியின் பொறுப்பு என்று கலெக்டர் தரப்பில் சொல்லப்பட்ட சமாதானத்தைக் கோர்ட்டார் ஏற்கவில்லை. கட்டும்போது கையெழுத்துப் போடப் பல ஆபீஸ்கள் இருந்தன; இடிக்கும் நாள் வந்தபோது ஒவ்வொன்றும் அடுத்ததைச் சுட்டிக் காட்டிற்று. இதுவே நம் தேசத்து நிர்வாகத்தின் சுருக்கமான சரித்திரம்.

இடிபாட்டில் நஷ்டமடைபவர் யார் என்பதைக் கேரளத்து மரடு காட்டிற்று. அங்கே கரையோர விதிகளை மீறிய நான்கு அடுக்குமாடிக் கட்டிடங்களைச் சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி 2020-ம் வருஷம் ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அவற்றுக்கு அனுமதி கொடுத்தது ஸ்தல பஞ்சாயத்தேயாகும். ஜன்ம சேமிப்பைக் கொட்டி வாங்கியவர்கள் இடைக்கால நஷ்டஈடாகத் தலைக்கு 25 லட்ச ரூபாய் பெற்றுக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். பில்டர் கட்டி விற்றுப் போய்விடுகிறார். அதிகாரி மாற்றலாகிப் போய்விடுகிறார். வாங்கியவன் மாத்திரம் பத்திரத்தையும் பாங்குக் கடனையும் வைத்துக்கொண்டு நிற்கிறான். பத்திரங்களைப் பார்த்தே காலங்கழித்த நமக்கு இந்தக் காட்சி புதிதன்று. கிரயப் பத்திரத்தில் நான்கெல்லையும் எழுதுகிறோம். மேல் எல்லையை எழுதுவாரில்லை.

நம் ராஜ்யம் இந்தப் பாடத்தைப் பிறரிடம் கற்க வேண்டியதுமில்லை. 1971-ம் வருஷத்து நகர, கிராம நிர்மாணச் சட்டத்தின் 113-வது பிரிவு, எந்தக் கட்டிடத்துக்கும் விதிவிலக்குக் கொடுக்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு அளித்திருக்கிறது. அந்த அதிகாரத்தைக்கொண்டு 1987, 1988-ம் வருஷங்களில் ஒரு சில மாதங்களுக்குள் பிறப்பிக்கப்பட்ட 62 உத்தரவுகள் சுப்ரீம் கோர்ட்டின்முன் வந்தன. 2000-ம் வருஷத்தில் கோர்ட்டார் அந்தப் பிரிவைச் செல்லுமென்று வைத்து, உத்தரவுகளைத் தள்ளினார்கள். விலக்கு அளிக்கும் அதிகாரம் சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றுவதற்கேயன்றி, அதைக் கவிழ்ப்பதற்கன்று என்பதே இதன் சாரம். இந்தத் தீர்ப்பைக் கோட்டையில் ஒவ்வொரு மேஜையின் மேலும் ஒட்டி வைத்தால் தேவலை.

அமல் நடத்தாத விதியின் பலனைத் திண்டுக்கல்லாரைவிட யார் அறிவார்? நமது தோல் பதனிடும் சாலைகளின் கழிவினால் சுற்றுப்புறத்துக் கிணறுகள் கெட்டன. 1996-ம் வருஷம் வேலூர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கண்டித்துத் தோல் சாலைகளுக்கு ஆளுக்குப் பதினாயிரம் ரூபாய் அபராதம் விதித்தபோது, அந்த ஜில்லாக்களின் ஜாபிதாவில் நம் ஜில்லாவும் இருந்தது. அபராதம் வந்தது, கெட்ட நீர் நல்ல நீராகத் திரும்பி வரவில்லை. காகிதத்தில் இருந்த அனுமதியும் நிபந்தனையும் கிணற்றுக்குத் தெரியவில்லை.

வெளி தேசத்தாரைப் பாருங்கள். ஹாங்காங்கில் காய்டாக் விமான நிலையம் ஊரின் நடுவே இருந்தவரையில் கௌலூன் பகுதியில் கட்டிடங்களைத் தாழ்த்தியே வைத்திருந்தார்கள். 1998-ல் நிலையத்தைக் கடலோரத் தீவுக்கு மாற்றிய பின்னரே அங்கு மாடிகள் விண்ணை நோக்கி எழுந்தன. ஒன்று, நிலையம் இருக்கட்டும், மாடி தாழட்டும். அல்லது மாடி உயரட்டும், நிலையம் போகட்டும். இரண்டும் ஒரே இடத்தில் வேண்டுமென்பது பேராசை. ஹாலந்தில் 1992-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிளம்பிய ஒரு சரக்கு விமானம் திரும்பி இறங்க முயன்று, பைல்மர்மேர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதி 43 உயிர்களைக் கொண்டு போயிற்று. அக்குடியிருப்பு நிலையத்துக்கு மிக அருகிலும் இல்லை. ஆபத்து தினந்தோறும் வருவதன்று. வந்தால் நெருக்கமாக அடுக்கி வைத்த ஜனங்கள்மீதே வருகிறது.

இப்பொழுது நம் பக்கம் வருவோம். மதுரை விமான நிலையத்தைச் சுற்றி இன்னும் வெளி இருக்கிறது. ஓடுபாதையை 7,500 அடியிலிருந்து 12,500 அடியாக நீட்ட உத்தேசித்து நிலம் எடுக்கிறார்கள். அதற்காக வீடு வாசலை விடவேண்டிய சின்ன உடைப்புக் கிராமத்தார், மறுவாழ்வுக்கு வழி செய்யாமல் எங்களை எழுப்பாதீர்கள் என்று 2024-ம் வருஷம் நவம்பரில் போராடினார்கள். சென்னைக்கு இரண்டாவது நிலையம் வேண்டுமென்று பரந்தூரில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரத்தார் 2022 முதல் கிளர்ச்சி செய்து வந்திருக்கிறார்கள். மீனம்பாக்கம் ஏன் போதவில்லை? மலை, ஆறு, ராணுவ நிலம் எனக் காரணங்கள் பல. நாலு பக்கமும் கட்டிடம் நெருக்கியதும் அவற்றுள் ஒன்று. பழைய நிலையத்தைக் கட்டிடங்களால் நெரித்துவிட்டு, அப்புறம் புதிய நிலையத்துக்காகக் குடியானவனின் நஞ்சையைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

இதுவே நாம் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். பொது நன்மை என்ற பெயரால் ஒரு கிராமத்தானை அவன் பாட்டன் கட்டிய வீட்டிலிருந்து எழுப்புகிறார்கள். அதே பொது நன்மை, பக்கத்தில் பதினைந்து மாடி எழுப்ப விரும்புகிற தனவந்தரையும் கட்டுப்படுத்த வேண்டாமா? குடிசைக்கு ஒரு நீதி, மாளிகைக்கு ஒரு நீதி என்றால் அதற்குச் சட்டம் என்ற பெயர் பொருந்தாது.

ஆகையால் சர்க்காருக்கு நாம் சில யோசனைகள் சொல்கிறோம். முதலாவது, மதுரை நிலையத்தைச் சுற்றிய உயர வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸிலும் தொங்கவிட வேண்டும். இரண்டாவது, நில உபயோகத்தை மாற்றும்போது வரும் ஆட்சேபங்களைப் பகிரங்கமாக விசாரித்து, ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்பதை எழுத்து மூலம் சொல்ல வேண்டும். “பரிசீலிக்கப்பட்டது” என்ற ஒற்றைச் சொல் பதிலாகாது. மூன்றாவது, அந்த வட்டாரத்தில் பதிவாகும் கிரயப் பத்திரங்களில் அனுமதிக்கப்பட்ட உச்ச உயரத்தையும், விமானச் சத்தம் உள்ள பகுதி என்பதையும் கட்டாயமாகக் குறிக்க வேண்டும். நான்காவது, ஓடுபாதையின் நேர் திசையிலுள்ள நிலத்தைக் கிட்டங்கிகளுக்கும், தொழிற்கூடங்களுக்கும், தோட்டங்களுக்கும் ஒதுக்கி, அதனால் விலை குறையும் நிலக்காரருக்கு ஈடு கொடுக்க வேண்டும். ஐந்தாவது, வரம்பு மீறிய கட்டிடம் இடிக்கப்பட்டால், அதற்குக் கையெழுத்திட்ட அதிகாரியும் கட்டி விற்றவரும் பதில் சொல்லும்படி சட்டம் செய்ய வேண்டும்.

வீட்டுப் பஞ்சத்துக்கு வழி? ரயில் பாதை செல்லும் திண்டுக்கல் போன்ற ஊர்களிலே, கெட்டியான பூமியிலே, தண்ணீரும் சாக்கடையும் முதலில் அமைத்து மாடி வீடுகள் கட்டட்டும். வேலையையும் அங்கே கொண்டுவரட்டும். விமானச் சக்கரத்தின் கீழேதான் ஜனங்களைக் குடியேற்ற வேண்டுமென்பதில்லை.

நமது நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்திரிகையின் மூலையில் பொடி எழுத்தில் வரும் நில உபயோக விளம்பரத்தை இனிமேலாவது படியுங்கள். ஆட்சேபம் இருந்தால் குறித்த கெடுவுக்குள் எழுதிப் போடுங்கள். எழுதியதற்கு ரசீது வாங்குங்கள். மாடி எழும்பிய பிறகு கோர்ட்டுக்குப் போவதைவிட, அஸ்திவாரத்துக்கு முன் ஒரு மனுப் போடுவது மேல். பூட்டுக்குப் பேர்போன ஊரார் நாம். களவு போன பிறகு பூட்டுத் தேடலாமா?