வீடு தேடி வரும் நர்ஸ் திண்ணையில் இருப்பவரையும் பார்ப்பாரா?

ராசிபுரம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வருகிறார். பாட்டிக்கு பிரஷர் பார்க்கிறார், சுகர் மாத்திரை கொடுக்கிறார், கிளம்புகிறார். திண்ணையில் 26 வயதுப் பேரன், அறிவுசார் மாற்றுத்திறனாளி. ரெண்டு நாளா சாப்பிடல, தலையைச் சுவத்துல முட்டிக்கிறான். "அவன் எப்பவும் இப்படித்தான்" என்கிறார்கள் வீட்டில். அது சொத்தைப் பல் வலியாகவும் இருக்கலாம்.

வலியை வாயால் சொல்ல முடியாதவர்கள் நடத்தையில் காட்டுகிறார்கள். டாக்டர்களும் சில நேரம் அதைக் குறைபாட்டின் குணம் என்றே எடுத்துக்கொள்வதால் நோய் கண்ணில் படாமல் போகிறது. இவர்களுக்கு வலிப்பு, மலச்சிக்கல், பல் பிரச்சினை எல்லாம் மற்றவர்களைவிட அதிகம். டவுன் சிண்ட்ரோம் இருந்தால் தைராய்டையும் தவறாமல் பரிசோதிக்க வேண்டும்.

18 வயது வரை ஓரளவு பரவாயில்லை. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு வரும். அதற்குப் பிறகு? தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கு. 1 லட்சம் ரூபாய் வரை 'நிராமயா' காப்பீடும் இருக்கு. ஆனா, என்ன நோய்னு யாராவது கண்டுபிடிச்சாதானே பில்லே வரும்?

சட்டத்தில் குறையில்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு, சிகிச்சையில் இவர்களுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. டாக்டர், நர்ஸ் படிப்புகளில் மாற்றுத்திறன் பற்றிய பாடம் இருக்க வேண்டும் என்கிறது 47-வது பிரிவு. ஆனால் நம் நர்சிங் படிப்பில் மனநலம் தனிப் பாடம். அறிவுசார் குறைபாட்டுக்கென தனிப் பிரிவு கிடையாது.

பிரிட்டனில் நர்சிங்கின் நான்கு பிரிவுகளில் இது ஒன்று. இங்கிலாந்தில் 14 வயதிலிருந்தே ஆண்டுதோறும் உடல் பரிசோதனை உண்டு. அப்படியும் அங்கே இவர்கள் மற்றவர்களைவிட சுமார் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள். பரிசோதனையே இல்லாத இடத்தில் நிலைமை எப்படி இருக்கும்?

இதற்காகப் புதுசா ஒரு திட்டம் தொடங்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் ஏற்கெனவே வாசல் வரை வருகிறது. நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸும், பிசியோதெரபிஸ்ட்டும் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நாலு கேள்வியைச் சேர்த்தாலே போதும்: சாப்பாடு குறைஞ்சிருக்கா, தூக்கம் எப்படி, மலம் சரியா போகுதா, நடத்தையில புதுசா ஏதாவது மாற்றமா?

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் ஒன்று செய்யலாம். ஒரு தாளில் எழுதி மருத்துவ அட்டையோடு வையுங்கள்: "வலிச்சா காதை இழுப்பான். கூட்டம்னா பயப்படுவான். ஊசியை முன்னாடியே காட்டாதீங்க." சேலம் ஜி.ஹெச்.ல ராத்திரி டூட்டியில் இருக்கும் நர்ஸுக்கு அந்த மூணு வரி பெரிய உதவி.