மலையடிவாரம் கற்பிக்கும் பாடம்

ஒற்றுமையைப் பேசுவது எளிது. ஒன்றுகூடி உழைப்பது அரிது. கட்சிகளுக்கு மட்டுமா இது? கடவுளின் பெயரால் கூடுகிற சபைகளுக்கும் பொருந்துகிற உண்மை இது. ஐயமிருப்போர் ஜவ்வாது மலையை ஒரு முறை சுற்றி வரட்டும்!

மலைக்கு வடக்கே வேலூர். அமெரிக்க ஆற்காடு மிஷன் வளர்த்த சபை அங்கே உண்டு. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் ஓர் அங்கம். மறுபுறம் திருவண்ணாமலை. டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள் ஊன்றிய ஆற்காடு லுத்தரன் சபை அங்கே இருக்கிறது. மேற்கே திருப்பத்தூரில், சலேசியத் துறவிகள் 1951-இல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி, அது கத்தோலிக்கருடையது. வேதம் ஒன்று, வாசல் மூன்று! மலைமேல் சாமை விதைத்து வாழும் மலையாளிப் பழங்குடி மகன், 'ஏனய்யா இத்தனை வாசல்?' என்று கேட்டால் என்ன விடை சொல்வது? பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் மூண்ட சச்சரவுக்கும் ஜமுனாமரத்தூருக்கும் என்ன உறவு?

இதே கேள்வி 1919-ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் எழுந்தது. கூடியவர் 33 பேர். இருவர் நீங்கலாக அனைவரும் இந்தியர். அவர்களில் முன்னின்றவர் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளை தந்த அசரியா. 'இந்தப் பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து நம் தலையில் ஏற்றப்பட்டவை' என்பதே அங்கே ஒலித்த கருத்து. அதன் பிறகு 28 ஆண்டுகள் பேசினர், வாதிட்டனர், விட்டுக்கொடுத்தனர். 1947 செப்டம்பர் 27-இல், நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்கள் ஆகியிருந்த வேளையில், சென்னை செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் பிரெஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் ஒரே சபையாயினர். இந்தக் காட்சியைக் காண அசரியா இல்லை, 1945-லேயே மறைந்துவிட்டார்.

லுத்தரன் சபைகள் அந்த இணைப்பில் சேரவில்லை. ஆனால் கோயிலில் கூடாதது பள்ளியில் கூடிற்று! 1969-இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி எழுந்தபோது, திருமறையூரின் மரபும் லுத்தரன் குருகுலத்தின் தமிழ் மரபும் கைகோத்தன. தமிழிலேயே இறையியல் கற்பித்தது அக்கல்லூரி. மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, ஏழை எளியோர் நடுவே தங்கிப் படிக்கச் செய்தது. நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டிய தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்ற பெயரோடு, உழைக்கும் மக்களின் பேச்சை அந்த வகுப்பறைக்குள் கொண்டு சேர்த்தார். குருவாகப் போகிறவர்கள் ஒரே பலகையில் அமர்ந்து படித்தால், நாளை ஒரே பந்தியில் அமர மறுப்பார்களா? இறையியல் கல்வியை நாம் பெரிதாகக் கருதுவது இதனால்தான்.

ஆயினும் அரசரடிக்கு முன்பே, ஜவ்வாது மலையின் அடிவாரம் இப்பாடத்தைக் கற்பித்துவிட்டது. 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியவர்கள் இரு மருத்துவர்கள்: தமிழர் யேசுதாசன், ஸ்காட்லாந்துக்காரர் பாரஸ்டர் பேட்டன். ஆண்டவனும் அடிமையுமாக நாடு கிடந்த நாளில், இவ்விருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தனர். பெரியண்ணன் யார் தெரியுமா? தமிழர்! வெள்ளையர் தம்பியானார். கதர் உடுத்தினர், நோயாளிக்கு மருந்து கொடுத்தனர், திராவிடக் கோயிற்கலை வடிவிலே ஜெபாலயம் எழுப்பினர். 1932-இல் அன்னியத் துணி மறியல் நடந்த சென்னைத் தெருவில் கதருடையோடு நின்ற பேட்டனைப் போலீசார் அடித்தனர். செய்தி லண்டன் பாராளுமன்றம் வரை எட்டிற்று. உரையாடல் என்பது மேடைப் பேச்சல்ல, சேர்ந்து அடிபடுவதும்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் பல சபைகள் சேர்ந்து தாங்கும் நிறுவனமே. அதன் மருத்துவர்கள் ஜவ்வாது மலைக்கும் செல்கின்றனர். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு ஊசி போடும்போது, எந்தச் சபை ஊசி என்று எந்தத் தாய் கேட்கிறாள்?

உரையாடல் என்ற சொல்லைக் கேட்டதும் 'இது மதம் மாற்றும் சூழ்ச்சி' என்கிறார் ஒரு சாரார். 'இது கொள்கையைக் காற்றில் விடுவது' என்கிறார் மறுசாரார். இருவருக்கும் நம் விடை ஒன்றே: பேசாதிருப்பதால் எவர் பயனடைந்தார்? 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சபையாரோடும் பிற சமயத்தாரோடும் மதிப்புடன் பேசுக என்று கத்தோலிக்க உலகுக்கே சொல்லிவிட்டது. ரோமாபுரி திறந்த கதவைத் திருப்பத்தூரில் சாத்தி வைப்பானேன்?

இறையியல் கல்லூரிகளை நடத்துவோரை நாம் கேட்பது மூன்று. எச்சபை மாணவரானாலும் சில திங்களாவது மலைக் கிராமங்களில் சேர்ந்து தங்கட்டும். போதிக்க அல்ல, கேட்க. நடுகல்லை வேடியப்பன் என்று வணங்கும் மக்களின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று அறியாதவன் எவரோடு உரையாடுவான்? அடுத்து, மலையில் பிறந்த இளைஞனும் இளநங்கையும் தம் பேச்சுத் தமிழிலேயே பயின்று பட்டம் பெற வழி செய்யட்டும். மூன்றாவது, எல்லாவற்றிலும் கடினமானது: சாதி. இங்கிலாந்துச் சபையும் அமெரிக்கச் சபையும் இணைந்தன; சேரிக்கும் ஊருக்கும் நடுவே இருக்கும் சுவரோ பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் வரை நீள்கிறது. கடல் கடந்து வந்த பிரிவினையை ஒழித்தவர்களுக்கு, சொந்த மண்ணின் பிரிவினையை ஒழிக்க வலுவில்லையா?

வலு உண்டு, வேண்டியது துணிவு. தமிழனை அண்ணனாகவும் வெள்ளையனைத் தம்பியாகவும் நூறாண்டுக்கு முன்பே வைத்துக்காட்டிய மண் அது. அந்த உறவு சேரியையும் ஊரையும் ஒரே வீடாக்கும் நாளில்தான் சபை ஒற்றுமை என்ற சொல் முழுப்பொருள் பெறும்.