அப்பா என்ன வேலை?

மெக்சிகோவின் புள்ளிவிவர நிறுவனம் 2016இல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அப்பனைவிடப் பிள்ளை மேலே வந்திருக்கிறானா என்று பார்ப்பதற்கான கணக்கெடுப்பு அது. வழக்கமான கேள்விகளோடு ஓர் அட்டையையும் கையில் கொடுத்தார்கள். கறுப்பிலிருந்து வெளுப்புவரை 11 தோல் நிறங்கள். "இதில் உங்கள் முகம் எது?" என்று கேட்டு, அவரவர் காட்டிய நிறத்தைக் குறித்துக்கொண்டார்கள். மறு ஆண்டு முடிவு வந்தது. நிறம் கறுக்கக் கறுக்கப் பள்ளியில் உட்கார்ந்த ஆண்டுகள் குறைந்திருந்தன. வேலையும் அப்படியே. வெளுத்த முகங்கள் மேசைக்குப் பின்னால், கறுத்த முகங்கள் கூலி வேலையில். நாட்டில் பெரிய விவாதம் கிளம்பியது.

நமக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அவர்களுக்கு அதிசயம்தான். ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற கையோடு ஆவணங்களில் இனம் எழுதுவதை ஒழித்த நாடு அது. ஆப்பிரிக்க ரத்தம் கலந்த விசென்டே குரேரோ 1829இல் அங்கே அதிபராகவே இருந்தார். 1921 கணக்கெடுப்பில் ஒரு தடவை இனத்தைக் கேட்டார்கள். அடுத்ததில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். ஐரோப்பியரும் பூர்வகுடிகளும் கலந்த மெஸ்டிசோ மக்கள் நாம், எல்லாரும் ஒரே ரத்தம் என்பதுதான் பள்ளிப் பாடம். ஆப்பிரிக்க வழி மக்களை நாடு முழுவதும் எண்ணிப் பார்த்ததே 2020இல்தான். 25 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இனம் என்ற சொல்லே இல்லாததால், வீட்டு வேலைக்காரி கறுப்பாகவும் எஜமானி வெளுப்பாகவும் இருப்பதை ஏழை, பணக்காரர் விஷயமாகவே பேசி முடித்துக்கொண்டார்கள்.

நாம் அதைத் தலைகீழாகச் செய்கிறோம். மலேசியாவில் இனத்தை மறைக்க வழியே இல்லை. பிறப்புச் சான்றிதழில் அப்பா இனம், அம்மா இனம். பள்ளிப் பாரத்தில், வங்கிப் பாரத்தில், நன்கொடைப் பாரத்தில் மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின் (மற்றவர்) என்று கட்டங்கள். இதெல்லாம் நேற்று வந்ததல்ல. நீரிணைக் குடியேற்றங்களில் 1891இல் எடுத்த கணக்கிலேயே, 'தமிழரும் இந்தியாவின் இதர பூர்வீகக் குடிகளும்' என்று வெள்ளைக்காரன் ஒரு தலைப்புப் போட்டு, தெலுங்கர், பஞ்சாபி, வங்காளி எல்லாரையும் அதன்கீழ் தள்ளிவிட்டான். பிறகு தலைப்புச் சுருங்கி 'இந்தியர்' ஆயிற்று. அந்தக் கட்டத்துக்குள் மேலே யார், கீழே யார் என்பதைக் கேட்க எந்தப் பாரத்திலும் இடமில்லை. மெக்சிகோக்காரர்கள் வர்க்கத்தைக் காட்டி இனத்தை மறைத்தார்கள். நாம் இனத்தைக் காட்டி வர்க்கத்தை மறைக்கிறோம்.

எங்கள் காஜாங்கிலேயே இதைப் பார்க்கலாம். காஜாங் என்றால் வெளியாருக்குச் சாத்தே, அதை விட்டால் சிறைச்சாலை. இப்போது எம்ஆர்டி கடைசி நிலையமும் சேர்ந்துகொண்டது. ஆனால் மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் நட்ட முதல் இடங்களில் ஒன்று இங்கேதான் இருந்தது. கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களில் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கன்று வைத்தார்கள். பிறகு சுற்றுவட்டாரம் முழுக்கக் கித்தா மரம். இன்று பெரும்பகுதி தாமான்கள், மாடி வீடுகள், கார் கழுவும் கடைகள். தோட்டம் போன பிறகும் எத்தனையோ தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் தோட்டம் என்று பொருள்படும் 'லாடாங்' மட்டும் மிச்சமிருக்கிறது.

தோட்டத்தின் வரைபடத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நடந்து பார்த்தாலே தெரியும். மேட்டில் துரை பங்களா. கொஞ்சம் கீழே, கணக்கு எழுதும் கிராணிகளின் வீடுகள். அதற்கும் கீழே, தண்ணீர் தேங்கும் பக்கம், தொழிலாளர் லயங்கள். லயத்துக்குள்ளும் சாதிக்கு ஒரு வரிசை. கிராணிமார்களில் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் அதிகம். ஆங்கிலம் படித்தவர்கள் என்று வெள்ளைக்காரன் பொறுக்கி எடுத்து வைத்தவர்கள். கங்காணி நம்மூர் ஆள். ஆள்பிடிக்கப் போனதும் அவர்தான், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் அவர்தான். கங்காணி வழி ஆள் எடுப்பது 1938இல் இந்திய அரசு தடை போட்டதோடு நின்றது.

என் அப்பா ஒரு சின்னக் கிராணி. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் இருந்தது. லயத்தில் பொதுக்குழாய். பால்வாளி இறக்கிய கையோடு பெண்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். விடியற்காலை பால்மரம் வெட்டப் போனவர்களின் சட்டையில் ஒட்டுப்பால் காய்ந்து கறுத்திருக்கும்; அந்த வாடை துவைத்தாலும் போகாது. லயத்துப் பையன்களோடு விளையாடிவிட்டு வந்தால் அம்மா என்னைப் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே விடுவார். அடிக்கவும் மாட்டார், திட்டவும் மாட்டார். கால் கழுவச் சொல்வார், அவ்வளவுதான். எங்கள் வீட்டு வாசலில் மேட்டுக்குடி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பள்ளிப் பாரத்தில் எனக்கும் 'இந்தியர்', பொதுக்குழாயில் நின்ற பிள்ளைக்கும் 'இந்தியர்'.

இதையெல்லாம் அன்றைய தொழிலாளிகள் நம்மைவிடத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னால் நின்றவர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.எச். நாதன். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்கிறது ஒரு வரி. கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்புக் கொடு, எங்கள் பெண்கள்மேல் கைவைப்பதை நிறுத்து என்று தொடர்கிறது. சைக்கிளில் போகும் தொழிலாளி எதிரே துரையையோ கிராணியையோ கண்டால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அதில் உண்டு. இன்னொரு கோரிக்கையில் கொடுமைக்கார துரைகளோடு 'கறுப்பு ஐரோப்பியர்'களையும் சேர்த்து வெளியேற்றச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் தமிழ் படித்தவர்களை வைக்கச் சொல்கிறார்கள்.

கறுப்பு ஐரோப்பியர் யார்? என் அப்பாவின் முன்னோடிகள். தோல் ஒன்று, கட்டம் ஒன்று. ஆனால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டியவன் யார், இறங்கச் சொல்பவன் யார் என்பதில் தொழிலாளிக்குக் குழப்பம் இருக்கவில்லை. எழுதப் படிக்கப் பெரிதாக வாய்ப்பில்லாத ஆட்கள் ஒரே காகிதத்தில் இனத்தையும் வர்க்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். அவசரநிலை போட்டு, ராணுவத்தை இறக்கி, சுட்டு அடக்கினார்கள். ஐந்து பேர் செத்தார்கள். வந்த சிப்பாய்களில் இந்தியர்களும் இருந்தார்கள் என்பதை நம் மேடைகளில் அவ்வளவாகச் சொல்வதில்லை.

போன மாதம் என் பழைய சிநேகிதர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பொதுக்குழாய்ப் பிள்ளைகளில் ஒருவர். இப்போது லோரி ஓட்டுகிறார். மகளுக்குப் பக்கத்து ஊரான பாங்கியில் பல்கலைக்கழகப் படிப்பு, காஜாங் பக்கம் ஓர் அறை பார்த்துக் கொடு என்றார். இணையத்தில் தேடினேன். 'சீனர் மட்டும்', 'மலாய்ப் பெண்கள் மட்டும்' என்று வெட்கமில்லாமல் விளம்பரம். வீட்டுக்காரன் இனம் பார்த்து வாடகைக்கு விடுவதைத் தடுக்க இங்கே சட்டம் கிடையாது. விளம்பரத்தில் ஒன்றும் போடாத முகவர்கள், பெயரைக் கேட்டதும் "ஸோரி போஸ்" என்று வைத்துவிட்டார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த கதை, இதற்குமேல் நீட்டத் தேவையில்லை.

கடைசியில் நம் ஆள் வீடே கிடைத்தது. ஓய்வுபெற்ற அம்மா. குரலே கனிவு.

"ஆன்ட்டி, ரூம் இன்னும் காலியாத்தான் இருக்கா?"

"இருக்கு இருக்கு. நம்ம பிள்ளைங்கன்னா எனக்கும் நல்லதுதான். அப்பா என்ன வேலை?"

"லோரி ஓட்டுறார்."

"ஓ. எந்தப் பக்கம்?"

"பந்திங். பிளாட்டுல இருக்காங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இல்ல, முன்னாடியே ஒருத்தர் கேட்டு வச்சிருந்தாங்க. அவங்ககிட்ட கேட்டுட்டு நானே கூப்பிடுறேன் சார்."

கூப்பிடவில்லை. அந்த அம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். 'சீனர் மட்டும்' விளம்பரத்தைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு, நம் இனத்துக்கு இந்த நாட்டில் மரியாதை இல்லை என்று கொதிப்பவராகத்தான் இருப்பார். அந்தக் கொதிப்பு பொய்யில்லை. அவருடைய பிள்ளைகளையும் யாராவது ஒரு முகவர் 'ஸோரி' சொல்லி அனுப்பியிருப்பார். ஆனால் முகவர் செய்ததற்கு இனவாதம் என்ற பெயர் இருக்கிறது, ஊர் கூடித் திட்டலாம். இவர் செய்ததற்குப் பெயரே இல்லை. 'நல்ல குடும்பமா என்று பார்க்க வேண்டாமா?' என்பதோடு முடிந்துவிடும்.

அரசாங்கக் கணக்கும் இதற்கு வசதியாக இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி குடிமக்களில் நாம் 6.7 சதவீதம். மேடைக்கு மேடை அந்த எண்தான். அந்த 6.7க்குள் தனியார் மருத்துவமனை நிபுணரும் அதே மருத்துவமனை வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பாதுகாவலரும் ஒன்றாக இருக்கிறார்கள். மருத்துவரின் பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காவிட்டால் அது இந்தியர் பிரச்சினை. பாதுகாவலருக்கு மிகைநேரச் சம்பளம் வராவிட்டால் அது அவர் பிரச்சினை.

1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையைத் திட்டுவது நமக்குப் பழகிப்போன வேலை; திட்ட வேண்டியதும் நிறைய இருக்கிறது. ஆனால் அதன் முதல் நோக்கமே இனம் பாராமல் வறுமையை ஒழிப்பது என்றுதான் எழுதியிருந்தது. தோட்டத்து மக்களுக்கு அது ஏன் வந்து சேரவில்லை? தோட்டம் தனியார் நிலம். கிராம மேம்பாட்டுத் திட்டத்தின் சாலையும் தண்ணீரும் மின்சாரமும் தோட்ட எல்லையோடு நின்றன. நிலமற்ற மலாய்க் குடியானவருக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்த 1956இலிருந்தே பெல்டா இருந்தது. தோட்டத் தமிழருக்கு வேலை போனால் வீடும் போகும். நிலம் விற்றுத் தாமான் எழும்பியபோது அப்படித்தான் வெளியே வந்தார்கள். இதில் இனப் பாகுபாடும் உண்டு, முதலாளியின் சொத்துரிமையும் உண்டு. 2007 நவம்பர் 25இல் இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராப் இயக்கம் அழைத்தபோது கோலாலம்பூர் தெருவில் கண்ணீர்ப்புகை குடித்தவர்களில், தோட்டத்திலிருந்து பிளாட்டுக்குத் தள்ளப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் ஏராளம். அதற்குப் பிறகு வந்த பதவிகளில் அவர்கள் எத்தனை பேரைப் பார்த்தீர்கள்?

இப்போது 'பி40' வந்திருக்கிறது. வருமானத்தில் கீழே இருக்கும் நாற்பது விழுக்காட்டுக் குடும்பங்கள். அப்பாடா, ஒருவழியாக வர்க்கம் பாரத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். வந்த வேகத்தில் அதையும் இனமாக்கிவிட்டோம். 'பி40 இந்தியர்' என்று இந்தியர்களுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவின் மானியத்துக்கு எழுதுகிறோம், பள்ளிப்பை கொடுத்துப் படம் எடுக்கிறோம். பக்கத்துப் பிளாட்டில் அதே சம்பளத்தில் இருக்கும் மலாய்க்காரர் வேறு வரிசையில் நின்று வேறு பை வாங்குகிறார். இருவரும் ஒரே தொழிற்சாலை பஸ்ஸில் போய்வருகிறவர்கள்.

மெக்சிகோவுக்குத் திரும்புகிறேன். 2018இல் வந்த 'ரோமா' படத்தில் வேலைக்காரப் பெண்ணாக நடித்த யலிட்சா அபாரிசியோ, ஒஹாக்கா மாநிலத்துப் பூர்வகுடிப் பெண். ஆசிரியை வேலைக்குப் படித்தவர். 2019இல் ஆஸ்கர் சிறந்த நடிகைப் பட்டியலில் அவர் பெயர் வந்ததும் அங்குள்ள சில நடிகர்களுக்கே பொறுக்கவில்லை. ஒரு தொலைக்காட்சி நடிகர் அவரை இழிவாகப் பேசிய காணொளி வெளியாகி, மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஆனால் அதே ஆண்டில் வீட்டு வேலையாட்களுக்கு எழுத்து ஒப்பந்தமும் சமூகக் காப்புறுதியும் தரும் திருத்தத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

இங்கே 2013இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கி, 2025இல் 1,700ஐத் தொட்டது. வீட்டு வேலையாட்கள் அதில் சேர்த்தி இல்லை. வேலைச் சட்டத்தை 2022இல் திருத்தியபோது 'வீட்டு வேலைக்காரர்' என்றிருந்ததை 'வீட்டு ஊழியர்' என்று மாற்றினார்கள். சம்பள ஆணையில் அவர்களுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. எங்கள் தாமானில் நம்மவர் வீடுகளிலும் இந்தோனேசியப் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கொடுத்ததைக் கேள்விப்பட்டு, குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. "ஒருத்தி வெளிய போனா எல்லாரும் கேப்பாங்க, இடம் குடுத்தா தலைக்கு மேல ஏறிடுவாங்க" என்று எழுதியவர் லயத்தில் பிறந்து, சொந்தக் கம்பெனி வரைக்கும் வந்தவர். கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலை அவருக்கு அனுப்பிவைத்தேன். 'நம்ம இனத்தோட வரலாறு, எல்லாரும் தெரிஞ்சிக்கணும்' என்று எழுதி, அவரே அதைக் கோயில் குழுவுக்கும் அனுப்பிவிட்டார். விடுமுறை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.